டானம் பள்ளத்தாக்கில் மூன்று இரவுகள்: போகலாமா என்று கேட்டவருக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். திருச்சியிலிருந்து நால்வர் கிளம்புகிறீர்கள்: நீங்கள், உங்கள் மனைவி, 66 வயது அம்மா, 11 வயது மகள். மே மாதம் போர்னியோ தீவில் உள்ள மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போக நினைக்கிறீர்கள். பயண முகவர் இரண்டு திட்டங்கள் தந்திருக்கிறார். ஒன்று, ஐந்து இரவுகளில் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம் உள்ள செபிலோக், கினபாத்தாங்கான் ஆறு, டானம் பள்ளத்தாக்கின் மழைக்காடு என்று மூன்று இடங்கள். மற்றொன்று, டானத்து மழைக்காட்டு விடுதியில் மட்டும் மூன்று இரவுகள், வழிகாட்டியோடு. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. "இவ்வளவு பணம் கொடுத்துப் போனால் ஒராங்குட்டான் கட்டாயம் தெரியுமா?" என்று கேட்கிறீர்கள். மகள் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றும் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் டானத்துக்கு நான்கு முறை போயிருக்கிறேன். முதல் முறை போனது உங்கள் முகவரின் முதல் திட்டத்தைப் போன்ற ஒரு பயணத்தில்தான். ஏழு நாளில் ஐந்து இடம். தினமும் காலையில் பெட்டி கட்டினோம், மாலையில் அவிழ்த்தோம். டானத்தில் கிடைத்தது ஒரே இரவு, அந்த இரவிலும் விடியும்வரை மழை. திரும்பி வந்த பிறகு அந்தக் காட்டைப் பற்றி என்னால் சொல்ல முடிந்தது, அது ஈரமாக இருந்தது என்பது மட்டுமே. அதனால் என் பதில் தெளிவானது: டானத்தில் மட்டும் தங்குங்கள். முடிந்தால் மூன்று இரவை நான்காக்குங்கள். ஒராங்குட்டான் கட்டாயம் தெரியும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கியாக வேண்டும். கினபாத்தாங்கானுக்குப் போனவர்கள் எல்லோரும் "அங்கேதான் விலங்குகள் அதிகம்" என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. படகில் உட்கார்ந்தபடியே இரண்டு மணி நேரத்தில் நீள்மூக்குக் குரங்குக் கூட்டங்களையும், இருவாச்சிகளையும், முதலையையும், அதிர்ஷ்டம் இருந்தால் யானைகளையும் பார்த்துவிடலாம். ஏன் அங்கே அவ்வளவு எளிதாகத் தெரிகின்றன? 560 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் காடு ஒரு நாடாவைப் போல் மெலிந்துவிட்டது. இருபுறமும் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். 2005-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நிலம்கூட ஒரே துண்டாக இல்லை, ஆற்றை ஒட்டிப் பத்துத் துண்டுகளாகக் கிடக்கிறது. ஒதுங்க வேறு இடம் இல்லாத விலங்குகள் கரையோரத்தில் நெருங்கி வாழ்கின்றன, நம் கண்ணில் படுகின்றன. அங்கே போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆற்றையும் அதன் மக்களையும் காப்பாற்ற நினைப்பவர்களுக்குப் பயணிகளின் வருகை பெரிய துணை. ஆனால் நிறைய விலங்கு தெரிந்தால் நல்ல காடு, தெரியாவிட்டால் மோசமான காடு என்ற கணக்கோடு டானத்துக்குப் போகாதீர்கள். பெரிய காட்டில் விலங்குக்கு ஒளிய இடம் இருக்கிறது. அதைப் பார்க்கப் பொறுமையும், பழகிய கண்ணுடைய ஒருவரும் வேண்டும்.

டானம் பாதுகாப்புப் பகுதியின் பரப்பு 438 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426. அதாவது எண்ணூரிலிருந்து சோழிங்கநல்லூர் வரை ஒரு வீடுகூட இல்லாமல், ஒரு மரம்கூட வெட்டப்படாமல் காடாக இருப்பதாக நினைத்துப் பாருங்கள். அதைச் சுற்றியும் காடுதான். பெரும்பகுதி முன்பு மரம் வெட்டப்பட்டு இப்போது தேறிவரும் காடு. இந்த வட்டாரம் முழுவதும் மாநில அரசின் சபா அறக்கட்டளைக்கு மரம் வெட்ட ஒதுக்கப்பட்ட நிலம். அதன் நடுவே இந்தத் துண்டை மட்டும் வெட்டுவதில்லை என்று 1980-களின் தொடக்கத்தில் முடிவு செய்தார்கள். 1995-இல் மாநிலச் சட்டப்படி முதல் வகுப்புக் காப்புக்காடாக அறிவித்தார்கள். அண்மைக் காலத்தில் உள்ளே குடியிருப்பு எதுவும் இருந்ததில்லை. வேட்டையின் நெருக்கடியும் குறைவு. வழிகாட்டி அழைத்துப் போகும் ஒரு பாதையில் மட்டும் பழைய மனிதத் தடம் உண்டு. பாறை விளிம்பில், பெலியான் என்ற இரும்பைப் போன்ற மரத்தில் குடைந்த சவப்பெட்டிகளும் எலும்புகளும் இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த துசுன் மக்களின் ஈமத்தலம் அது. அங்கே குரலைத் தாழ்த்திப் பேசுங்கள், எதையும் தொடாதீர்கள்.

தங்குவதற்குப் பழைய இடங்கள் இரண்டு. ஒன்று 1994-இல் திறந்த போர்னியோ மழைக்காட்டு விடுதி. டானம் ஆற்றின் வளைவில் மரவீடுகள். சாப்பாடு, நடை, வண்டி, வழிகாட்டி எல்லாம் கட்டணத்துக்குள் அடக்கம். 2012-இல் இங்கிலாந்து இளவரசர் வில்லியமும் அவர் மனைவி கேத்தரினும் வந்துபோன இடம் இதுதான். மற்றொன்று 1986 முதல் இயங்கும் ஆய்வு நிலையம். விஞ்ஞானிகள் தங்கும் இடம், எளிய அறைகள், பொது உணவுக்கூடம், செலவு பல மடங்கு குறைவு. இளைஞராகத் தனியாகப் போவதென்றால் ஆய்வு நிலையத்தையே சொல்வேன். அம்மாவோடும் குழந்தையோடும் போகிற உங்களுக்கு விடுதிதான் சரி. காரணம் மெத்தையோ வெந்நீரோ அல்ல. விடுதியில் உங்கள் குழுவுக்கென்று ஒதுக்கப்படும் வழிகாட்டி, வந்த நேரம் முதல் கிளம்பும் நேரம் வரை உங்களோடு இருப்பார். நீங்கள் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி அவருடைய கண்ணுக்கும் காதுக்கும் உரியது என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

அது என்ன என்று ஒரு காலைப் பொழுதைச் சொன்னால் புரியும். இரண்டாம் பயணத்தின் மூன்றாம் நாள். ஆறரை மணிக்கு ஐந்து பேராக நடந்துகொண்டிருந்தோம். எங்கள் வழிகாட்டி, டானத்துக்குப் போகும் வழியிலுள்ள லஹாட் டத்து நகரத்துப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். திடீரென்று குனிந்து பாதையிலிருந்து ஒரு பழத்தோலை எடுத்தார். பலா வகையைச் சேர்ந்த காட்டுப்பழம். கடித்த இடத்தில் பால் இன்னும் காயவில்லை. அதை முகர்ந்தார், எங்களிடமும் நீட்டினார், பிறகு கையை உயர்த்தி எல்லோரையும் நிற்கச் சொன்னார். நின்றோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் கேட்டது: இலைகளின் ஊடே ஏதோ விழும் ஓசை, நிற்கும், மறுபடி விழும். குரங்குக் கூட்டமாக இருந்தால் கிளைகள் பல திசையில் ஆடும், இது ஒரே இடத்தில் விழுகிறது, ஒற்றை விலங்கு சாப்பிடுகிறது என்று மெதுவாகச் சொன்னார். நாற்பது நிமிடம் கழித்துத்தான் அந்தச் செம்பழுப்பு உடல் இலை மறைவிலிருந்து வெளியே வந்தது. தாய். அதன் விலாவைப் பற்றிக்கொண்டு ஒரு குட்டி. தாய் எங்களை ஒரு முறை பார்த்துவிட்டுப் பழத்துக்குத் திரும்பியது. அதன் பிறகு ஒரு மணி நேரம் எங்களில் யாரும் பேசவில்லை.

ஒராங்குட்டானைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு அதன் வாழ்க்கையே காரணம். அது பெரும்பாலும் தனித்தே திரியும். ஒரு தாய் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒரு குட்டிதான் ஈனும், அதுவரை முந்திய குட்டியைக் கூடவே வைத்து எந்த மரம் எப்போது பழுக்கும் என்று பழக்கும். ஒவ்வொரு இரவும் கிளைகளை மடக்கிப் புதிதாகக் கூடு கட்டிப் படுக்கும். நல்ல வழிகாட்டிக்கு முதல் நாள் மாலை எந்த மரத்தில் கூடு கட்டியது என்று தெரிந்தால், மறுநாள் விடியுமுன் அந்த மரத்தடியில் உங்களை நிறுத்திவிடுவார். இந்தச் சங்கிலி அறுபடாமல் இருக்கத்தான் மூன்று இரவாவது வேண்டும் என்கிறேன். ஒரே இரவு தங்குபவருக்கு முந்திய நாளும் இல்லை, மறுநாளும் இல்லை.

பழம் இருந்தால் ஒராங்குட்டான் இருக்கும். ஆனால் பழம் எப்போது என்பதை நாட்காட்டி பார்த்துச் சொல்ல முடியாத காடு இது. இங்கே உயர்ந்து நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை நம் குங்கிலிய மரமும் வட இந்தியாவின் சால மரமும் சேர்ந்த அதே குடும்பம். விதைக்கு இறக்கை வைத்த மரங்கள். உதிரும்போது சுழன்று சுழன்று இறங்கும். இவற்றில் பல இனங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, பெரும்பாலும் எல் நினோ கொண்டுவரும் வறட்சியை ஒட்டி, எல்லாம் சேர்ந்து ஒரே பருவத்தில் பூத்துக் கொட்டுகின்றன. அவ்வளவு விதையையும் தின்று தீர்க்க எந்த விலங்குக் கூட்டத்தாலும் முடியாது, மிஞ்சியது முளைக்கும். அப்படிப்பட்ட ஆண்டில் நீங்கள் போக நேர்ந்தால் அது கொடுப்பினை. மற்ற ஆண்டுகளில் அத்திதான் அன்னதாதா. வழிகாட்டியிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "ஒராங்குட்டான் எங்கே?" என்பதல்ல, "எந்த அத்தி பழுத்திருக்கிறது?" என்பதே. காய்த்த அத்தியின் அடியில் ஒரு காலைப் பொழுது முழுவதும் உட்கார்ந்தால் இருவாச்சி, கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கு, செந்நிற மந்தி, அணில், குக்குறுவான் எல்லாம் தாமாகவே வந்து போகும்.

உங்கள் ஊர்க்காரருக்குப் புரியும்படி ஒரு உயரம் சொல்கிறேன். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் ஏறத்தாழ 72 மீட்டர். டானத்தில் 2018-இல் கண்டறிந்து, 2019 ஜனவரியில் ஒருவர் உச்சிவரை ஏறி நாடா பிடித்து அளந்த மஞ்சள் மெராந்தி மரம் 100.8 மீட்டர். வெப்பமண்டலத்தில் அதுவரை அளந்த மரங்களில் அதுவே உயரமானது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மெனாரா'. மலாய் மொழியில் கோபுரம் என்று பொருள். அந்த மரம் உங்கள் நடைபாதையில் வராது. ஆனால் விடுதிக்கு அருகிலேயே ஏறத்தாழ 300 மீட்டர் நீளத்துக்கு, 26 மீட்டர் உயரத்தில் ஒரு தொங்குபாலம் மரத்துக்கு மரம் போகிறது. காலை ஆறு மணிக்கு அங்கே நில்லுங்கள். பனி விலகும் நேரத்தில் பெண் கிப்பன் பாட ஆரம்பிக்கும். ஒற்றைச் சுரத்தில் தொடங்கி, ஏறி, துரிதமாகி, குமிழ் குமிழாக உடைந்து முடியும். தொலைவிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும்.

இன்னொரு குரலையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. போர்னியோவின் எட்டு வகை இருவாச்சிகளும் டானத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தலைக்கவச இருவாச்சி. அதன் மூக்குக்கு மேலுள்ள கொண்டை மற்ற இருவாச்சிகளுடையதைப் போல் உள்ளீடற்றது அல்ல, தந்தம்போல் கெட்டியானது. அதைச் செதுக்கி விற்பதற்காக இந்தப் பறவையைக் கொன்று குவித்ததால் 2015-இல் அது மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அது கூப்பிடும்போது முதலில் 'தூக்' என்று ஒரே ஒலி. நீண்ட இடைவெளி. மறுபடி 'தூக்'. இடைவெளி குறைந்துகொண்டே வரும், நிமிடக்கணக்கில் நீளும். கேட்பவருக்கு மூச்சு முட்டும் கட்டத்தில் அது பெரும் சிரிப்பாக வெடிக்கும். பறவை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் மகள் அந்தக் குரலை ஒரு முறை கேட்டுவிட்டால் ஆயுளுக்கும் மறக்க மாட்டாள்.

பச்சைக் கற்பூரம் பற்றியும் அம்மாவிடம் சொல்லுங்கள். சர்க்கரைப் பொங்கலில் நாம் துளி போடும் அந்தப் பொருள் முற்காலத்தில் கப்பூர் என்ற மரத்தின் உள்ளிருந்து எடுத்தது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற துறைமுகம் அந்த வணிகத்துக்குப் பேர்போனது. அதன் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழு அங்கே இயங்கியதைச் சொல்கிறது. டானத்தில் நிற்பது அதே பேரினத்தின் இன்னொரு இனம். விடுதியைச் சுற்றிலும் உண்டு. கீழே விழுந்து கிடக்கும் இலையைக் கசக்கித் தரச் சொல்லுங்கள், மணக்கும்.

அட்டைக்கு வருவோம். அட்டை இருக்கும். மே மாதத்திலும் இருக்கும், எந்த மாதத்திலும் இருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,800 மில்லிமீட்டர் மழை பெய்கிற காடு இது. இரண்டு வகை உண்டு. பழுப்பு அட்டை தரையில் இருந்து ஏறும், கடித்தது தெரியாது. காலுறை சிவந்த பிறகுதான் தெரியும். வரி அட்டை முழங்கால் முதல் இடுப்புவரையுள்ள உயரத்தில் இலை விளிம்பில் நீட்டிக்கொண்டு காத்திருக்கும், கடித்தால் சுருக்கென்று இருக்கும். கடியால் நோய் வரும் என்று அஞ்ச வேண்டாம். இரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது செலுத்துவதால் சிறிது நேரம் கசியும், அவ்வளவுதான். உப்பு, சுண்ணாம்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். நகத்தை அதன் வாய்க்கு அடியில் கொடுத்து நெம்பினால் விட்டுவிடும். முழங்கால்வரை வரும் நெருக்கமான பருத்தி அட்டைக் காலுறை விடுதியிலேயே கிடைக்கும். காற்சட்டையை அதற்குள் செருகிக்கொள்ள வேண்டும். மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: விஞ்ஞானிகள் சபா காடுகளில் அட்டைகளைச் சேகரித்து, அவை குடித்த இரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்து, அந்தக் காட்டில் என்னென்ன பாலூட்டிகள் இருக்கின்றன என்று கண்டறிகிறார்கள். நாம் பார்க்காத விலங்கை அட்டை பார்த்திருக்கிறது. இதைக் கேட்ட குழந்தைகள் பயத்தை விட்டுவிட்டு அட்டையைத் தேட ஆரம்பிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரவில் இரண்டு வகைப் பயணம் உண்டு. திறந்த வண்டியில் ஒளிவிளக்கோடு போவது ஒன்று. கடமான், புனுகுப்பூனை, சிறுத்தைப்பூனை, தேவாங்கின் போர்னியோ உறவினம், மரத்துக்கு மரம் சறுக்கும் பெரிய செந்நிறப் பறக்கும் அணில் ஆகியவை பெரும்பாலும் தெரியும். அம்மாவுக்கு இது சிரமமில்லாத பயணம். உடலில் மேகம் போன்ற திட்டுகள் உள்ள படைச்சிறுத்தை தெரியுமா என்று கேட்பீர்கள். நான்கு பயணங்களில் ஒரே முறை, மூன்று விநாடி, வாலின் நீளத்தை மட்டும் பார்த்தேன். மற்றொன்று நடை. மகளுக்கு இதுதான் விருந்து. தூங்கும் பறவை, நீளமான குச்சிப்பூச்சி, உருண்டால் நெல்லிக்காய்க்கும் பெரிதாகிற மரவட்டை, இலையடியில் சருகுமான். கவசமிட்ட பழங்கால உயிரைப் போன்ற ஒரு வண்டினமும் உண்டு. அதன் பெண் கடைசிவரை புழு வடிவத்திலேயே இருந்து இனப்பெருக்கம் செய்கிறது. சருகுமானுக்கோ தேவாங்குக்கோ வெள்ளை ஒளியை முகத்தில் நேராக நீண்ட நேரம் பிடிக்க வழிகாட்டியை வற்புறுத்தாதீர்கள். பறவைகளை வரவழைக்கப் பதிவு செய்த குரலை ஒலிக்கச் சொல்வதும் அப்படித்தான். கூடு காக்கிற பறவை தன் வேலையை விட்டு எதிரியைத் தேடி அலையும்.

ஒராங்குட்டானுக்கு நம் சளியும் இருமலும் தொற்றும். யாருக்காவது தொண்டை கட்டியிருந்தால் அன்று பின்னால் நிற்க வேண்டும். இதில் மட்டும் நான் கடுமையாகவே சொல்கிறேன். மிக அருகிய இனம் என்ற பட்டியலில் 2016-இல் ஏறிய விலங்கு அது.

அம்மாவைப் பற்றி. விடுதியைச் சுற்றியுள்ள பலகை நடைபாதையும் தொங்குபாலமும் 66 வயதில் நிதானமாக நடக்கக் கூடியவை. சவப்பெட்டிப் பாறைக்குப் போகும் ஏற்றம் செங்குத்தானது, வழுக்கும். முழங்கால் வலி இருந்தால் வேண்டாம். வெப்பநிலை நம் ஊர் மே மாதத்தைவிடக் குறைவுதான், ஆனால் காற்றில் இருக்கும் ஈரம் ஆளைச் சோர்த்துவிடும். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை விலங்குகளும் ஓய்ந்திருக்கும், நீங்களும் ஓய்வெடுங்கள். வராந்தாவில் உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பதும் காடு பார்ப்பதுதான். மூன்றாம் பயணத்தில் செந்நிற மந்திக் கூட்டத்தை நான் நாற்காலியில் இருந்தபடியே பார்த்தேன்.

சைவச் சாப்பாடு கிடைக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: மலேசியாவில் கீரை, காய்ப் பொரியலில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்ப்பது வழக்கம். "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது, பெலாச்சான் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். ஊறுகாயும் பொடியும் எடுத்துப் போங்கள், காட்டில் நாக்குக்கு அவை பெரிய ஆறுதல்.

உடல்நலத்தில் இரண்டு விஷயங்கள். சபாவில் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலேசி மலேரியா இருக்கிறது. கிளம்பும் முன் மருத்துவரிடம் இதைப் பெயரோடு சொல்லி ஆலோசனை பெறுங்கள். முழுக்கைச் சட்டை, கொசு விரட்டும் களிம்பு இரண்டும் வேண்டும். ஆற்றில் குளிக்க ஆசை வரும். உடலில் புண்ணோ அட்டைக் கடியோ இருந்தால் இறங்காதீர்கள், தண்ணீரை விழுங்காதீர்கள். 2000-ஆம் ஆண்டு சபாவில் நடந்த ஒரு சாகசப் போட்டியில் பலர் எலிக்காய்ச்சலால் படுத்தார்கள். டானம் ஆறு போய்ச் சேர்கிற செகாமா ஆற்றில் நீந்தியதோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள்.

வழி எளிது. கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலு ஏறத்தாழ இரண்டரை மணி நேர விமானம். அங்கிருந்து சிறு விமானத்தில் லஹாட் டத்து, ஒரு மணி நேரத்துக்குள். பிறகு விடுதி வண்டியில் இரண்டரை மணி நேரம், பெரும்பகுதி கப்பிச் சாலை. அம்மா முன்னிருக்கையில் உட்காரட்டும். சபாவுக்கெனத் தனிக் குடிவரவுச் சோதனை உண்டு, கோலாலம்பூரில் முத்திரை குத்தியிருந்தாலும் இங்கே மறுபடி கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். 2013-இல் லஹாட் டத்துக் கடற்கரையில் ஆயுதக் குழு ஊடுருவியதற்குப் பிறகு கிழக்குச் சபாவுக்குப் பல நாடுகள் பயண எச்சரிக்கை வைத்திருக்கின்றன. டானம் கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது, நான் ஒரு முறையும் அச்சப்பட்டதில்லை. ஆனாலும் உங்கள் பயணக் காப்பீடு அந்த மாவட்டத்துக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிய கேமரா வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். காட்டுக்குள் வெளிச்சம் மிகக் குறைவு, புதிதாக வாங்கிய கருவியோடு நீங்கள் போராடிக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கில் எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் இரண்டு வாங்குங்கள், ஒன்று மகளுக்கென்றே. வீட்டு மாடியிலிருந்து மைனாவையும் பருந்தையும் பார்த்து இப்போதே பழகட்டும். அங்கே போய்ப் பழகினால் முதல் இரண்டு நாள் வீணாகும்.

இப்போது மகளின் கேள்வி. "அங்கே காண்டாமிருகம் இருக்குமா?" என்று கேட்கச் சொல்லியிருக்கிறாள். பள்ளிப் புத்தகத்தில் சுமத்ரா காண்டாமிருகத்தின் படம் பார்த்தாளாம். இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதை மறைக்காமல் முழுதாகவே சொல்லுங்கள். உடலில் ரோமம் உள்ள, இரண்டு கொம்புடைய, காண்டாமிருகங்களில் எல்லாம் சிறிய இனம் அது. டானத்தில் வாழ்ந்தது. எண்ணிக்கை குறையக் குறைய ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று சந்திக்கவே முடியாத நிலை வந்தது. இமான் என்று பெயரிட்ட பெண் காண்டாமிருகத்தை 2014-இல் டானம் பள்ளத்தாக்கில் பிடித்து, இனப்பெருக்க முயற்சிக்காகச் சபாவிலேயே உள்ள தாபின் வனவிலங்குக் காப்பகத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே தாம் என்ற ஆண் ஏற்கெனவே இருந்தது. 2008-இல் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் வழிதவறி வந்தது அது. குட்டி பிறக்கவில்லை. தாம் 2019 மே மாதம் இறந்தது. இமான் அதே ஆண்டு நவம்பரில் இறந்தது. மலேசியாவில் அந்த இனம் அதோடு முடிந்தது. இந்தோனேசியாவில் மட்டும் மிகச் சில எஞ்சியிருக்கின்றன. தாம், இமான் இரண்டின் உயிரணுக்களையும் உறையவைத்துப் பாதுகாக்கிறார்கள்.

நான் முதல் முறை டானத்துக்குப் போனபோது இமான் அந்தக் காட்டுக்குள் எங்கோ நடந்துகொண்டிருந்தது. எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஒரு நாளில் இன்னும் கவனமாக நடந்திருப்பேன். தாடிப் பன்றிகளும் அப்படித்தான். விடுதிப் புல்வெளியில் சாதாரணமாக மேய்ந்தவை. 2021-இல் சபாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. என் நான்காம் பயணத்தில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

முன்பதிவு செய்யும்போது விடுதிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், முகவர் மூலமாக இல்லாமல் நேராகவே. அம்மாவுக்கு 66 வயது, மெதுவாக நடப்போம், ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்கத் தயார், மகளுக்குப் பூச்சிகள் பிடிக்கும், குழு ஆறு பேருக்கு மேல் வேண்டாம் என்று எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு உங்களுக்கு ஏற்ற வழிகாட்டியை ஒதுக்குவார்கள். கடைசி நாள் காலையில் பெட்டி கட்ட வேண்டும் என்று நடையை விட்டுவிடாதீர்கள். பெட்டியை முதல் நாள் இரவே கட்டி வைத்துவிட்டு, விடியற்காலை ஐந்தே முக்காலுக்குத் தொங்குபாலத்துக்குப் போய்விடுங்கள். வண்டி கிளம்ப நேரம் இருக்கும்.